சுற்றுலாப் பேருந்தில் என் கட்டைப்பை விழுந்த விவரம்

பெயர்: கடவுச்சீட்டில் உள்ளபடி. வயது: நாற்பத்தொன்பது முடிந்து நான்கு மாதம். கணவர்: மருந்துக்கடை நடத்துகிறார். தொழில்: வீட்டைப் பார்த்துக்கொள்வது; தற்சமயம் மாணவி. இருப்பிடம்: பயிற்சி நிலையத்தின் பெண்கள் விடுதி, மூன்றாம் மாடி, பன்னிரண்டாம் அறை, ஜன்னல் ஓரக் கட்டில்.

நான் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன். மீதியை அடுப்படியில் உட்கார்ந்து நானே படித்துத் தேர்வு எழுதித் தேறினேன். தமிழ் நன்றாக எழுத வரும் என்பதால், அதிகாரி கேட்பதை மொழிபெயர்ப்பாளர் பெண் எனக்குச் சொல்ல, பதிலை என் கைப்படவே எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும், சொந்த அபிப்பிராயம் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். முடிந்த மட்டும் அப்படியே செய்கிறேன். முடியாத இடத்தில் பொறுத்துக்கொள்ளவும். இன்று காலை ஆறேகாலிலிருந்து நான் பட்ட பாடு அப்படி.

எடுத்த எடுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் எண் அறையில் நீங்கள் உட்கார வைத்திருப்பவர் என்னுடன் படிப்பவர். அவர் சுற்றுலாப் பேருந்துக்குள் போட்ட பை அவருடையது அல்ல, என்னுடையது. அவர் மேல் வழக்குப் பதிந்தால் அவருடைய படிப்பு அனுமதி ரத்தாகும் என்றும், நாளைக்கே அதற்கு எழுதிவிடுவார்கள் என்றும் சொன்னார்கள். எங்களுக்கு இன்னும் ஒன்பது நாளில் இறுதித் தேர்வு. அவர் ஊரில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர். வீட்டில் மனைவியும் ஒன்றரை வயதுக் குழந்தையும் இருக்கிறார்கள். இந்தத் தாளை வைத்துத்தான் முடிவு செய்யப் போகிறீர்கள் என்பதால் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

நாங்கள் படிப்பது அலுவலகக் கணக்குப் பயிற்சி, ஆறு மாதம். வகுப்பில் எங்கள் மொழி பேசுகிறவர்கள் ஐந்து பேர். முதலாமவர் ஊரில் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். எதற்கெடுத்தாலும் கட்டம் போட்டு நேரம் எழுதுவதால் அவருக்கு அட்டவணை என்று பெயர். இரண்டாமவர் இருபது வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்ஸம்மா, என் அறைத் தோழி, வலது முட்டியில் வலி உள்ளவர். மூன்றாமவர் கல்யாணம் முடிந்த பதினெட்டாம் நாள் விமானம் ஏறியவர், மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறோம். நான்காமவர்தான் நீங்கள் பிடித்து வைத்திருப்பவர். வயது முப்பத்துநான்கு. ஊரில் தனியார் பேருந்தில் பதினோரு வருடம் நடத்துநராக இருந்ததால் கண்டக்டர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். ஐந்தாவது நான். என்னை எல்லாரும் அக்கா என்பார்கள். நான் சொல்லச் சொல்லவில்லை.

நான் எழுதும் நேரங்கள் சரியானவை. வீட்டில் பால் வந்த நேரம், குழாயில் தண்ணீர் நின்ற நேரம், அடுப்புக்குச் சிலிண்டர் மாற்றிய தேதி எல்லாம் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்வது என் பழக்கம். இங்கேயும் அப்படியே. நோட்டை மேசை மேல் வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளலாம்.

இன்று சனிக்கிழமை. வந்து ஐந்தரை மாதம் ஆகியும் விடுதி, வகுப்பு, மளிகைக் கடை தவிர இந்த நகரத்தில் நாங்கள் ஒன்றையும் பார்க்கவில்லை. தேர்வு முடிந்த மறுநாளே விமானம். ஊருக்குப் போனால் என்ன பார்த்தாய் என்று கேட்பார்களே என்ற கவலையில், ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடுவது என்று அட்டவணை முடிவு செய்தார். மொத்தம் பதினோரு இடம். "ரெண்டு நாளாப் பிரிச்சுக்கலாமே" என்று கேட்டேன். "அக்கா, பிரிச்சா கெட்டுப்போயிடும்" என்றார். எது கெட்டுப்போகும் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நான் நான்கே முக்காலுக்கு எழுந்து, குளித்து, சாமி கும்பிட்டு, ஐந்து பேருக்கும் சமைத்து நான்கு அடுக்குக் கேரியரில் வைத்தேன். அதன் பக்கவாட்டுக் கொக்கி சரியில்லை, தூக்கினால் கழன்றுகொள்ளும். ஆகையால் ஒரு துண்டைச் சுற்றி அதன் மேல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். ஏன் அவ்வளவு இறுக்கமாகக் கட்டினீர்கள் என்று அதிகாரி இரண்டு முறை கேட்டார். சிந்தாமல் இருக்கத்தான். வேறு காரணம் இல்லை. அதன் பிறகு கேரியரையும் மற்றவற்றையும் கட்டைப்பையில் வைத்தேன். கட்டைப்பை என்பது துணிக்கடையில் பெரிதாக ஏதாவது எடுத்தால் கொடுக்கும் கெட்டியான பை. பழுப்பு நிறம், மேல்வாய் திறந்திருக்கும். அதனால் அதன் வாயையும் கட்டினேன்.

பையில் இருந்தவை: கேரியர் ஒன்று, வெந்நீர்க் குடுவை ஒன்று, தகர டப்பாவில் வைத்த சாமி படம் ஒன்று, மடக்குக் குடை ஒன்று, என் வாசிப்புக் கண்ணாடி, நர்ஸம்மாவின் முட்டித் தைலம், இரத்த அழுத்த மாத்திரை ஒரு அட்டை, கைத்துண்டு இரண்டு, ஊக்கு ஆறு. இதை நீங்கள் எடுத்த பட்டியலுடன் அதிகாரி சரிபார்த்தார். எல்லாம் ஒத்துப்போனது. ஊக்கு மட்டும் உங்களிடம் ஐந்துதான் இருக்கிறது. மற்றது வண்டியில்தான் விழுந்திருக்கும். யார் காலிலாவது குத்துவதற்குள் பார்க்கச் சொல்லவும்.

ஆறேகாலுக்கு விடுதி வாசலில் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. நானும் கண்டக்டரும் நின்றோம். ஆறரைக்கு அட்டவணையும் நர்ஸம்மாவும் வந்தார்கள். ஆறு ஐம்பத்திரண்டுக்கு மாப்பிள்ளை காதில் போனை வைத்துக்கொண்டே வந்தார்.

"மாப்ள, மணி என்னாச்சு தெரியுமா?" என்று அட்டவணை கேட்டார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. என்ன சட்டை போட்டிருக்கேன்னு அவ கேட்டா. காமிச்சேன். நல்லா இல்லன்னுட்டா."

"மாத்துனியா?"

"மூணு தடவை."

"கடைசியா எது?"

"மொதல்ல போட்டதுதாண்ணே."

அதன் பிறகு புறப்பட்டோம். என் கையிலிருந்து பையைக் கண்டக்டர் வாங்கிக்கொண்டார். காலையிலிருந்து அதைத் தூக்கியவர் அவர்தான். மற்ற இரண்டு ஆண்களும் கைவீசிக்கொண்டு நடந்தார்கள். கண்டக்டர் பையுடன் நடந்ததைப் பலர் பார்த்திருக்கலாம். தூக்கியதால் அது அவருடையது ஆகிவிடாது.

முதல் இடம் மணிக்கூண்டு இருக்கும் பெரிய சதுக்கம். ஒன்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் ஏழு நிமிடம் நர்ஸம்மா படம் எடுத்தார், படத்தில் மணிக்கூண்டின் தலை வரவில்லை. அதன் பிறகு இரண்டாவது இடம், பழைய வழிபாட்டு இடம். எந்தச் சாமியாக இருந்தால் என்ன என்று நான் ஓர் ஓரமாக நின்று கண்ணை மூடினேன். அட்டவணை கழுத்தில் தொங்கும் விசிலை ஊதினார். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "அக்கா, சாமிக்கு மூணு நிமிஷம்தான் போட்டிருக்கேன்" என்றார். கடவுளுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுத்த ஆளை என் வாழ்நாளில் இன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதன் பிறகு அருங்காட்சியகம். மூன்று மாடி, மாடிக்கு எட்டு நிமிடம். ஒரு பழைய பானையின் கீழே எழுதியிருந்ததை நான் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தேன். ஐந்தரை மாதம் இந்த நாட்டு மொழி படித்ததற்கு அது ஒன்றாவது புரியட்டுமே என்று நினைத்தேன். இரண்டாவது வரி முடிவதற்குள் அட்டவணை வந்து, "அக்கா, அது பானைதான். பாத்தாச்சுல்ல, வாங்க" என்றார். அதன் பிறகு கோபுரம். மின்தூக்கி பழுது. முந்நூற்றுப் பன்னிரண்டு படி. நர்ஸம்மாவைக் கீழேயே உட்காரச் சொன்னேன். "மேல ஏறலைன்னா பாத்த கணக்குல வராதாமே" என்று சொல்லி ஏறினார். இறங்கும்போது ஒரு படிக்கு ஒரு முறை கடவுளைக் கூப்பிட்டார். அதன் பிறகு ஒரு பாலம், அதன் பிறகு இன்னொரு பாலம். இரண்டையும் ஓடியே கடந்ததால் அவற்றைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அதன் பிறகு அரண்மனை. பராமரிப்பு வேலை என்று பூட்டியிருந்தது. பூட்டைப் பார்த்துவிட்டு அட்டவணை தாளில் சரி என்று குறி போட்டார்.

"உள்ளயே போகலயே, எப்படிச் சரி போட்ட?" என்று நர்ஸம்மா கேட்டார்.

"ராஜா மட்டும் இப்போ உள்ளயா இருக்காரு? அவரும்தான் இல்ல" என்றார்.

இந்த மாதிரி ஆளிடம் என்ன பேசுவது?

ஒன்று இருபதுக்குப் பூங்காவில் சாப்பிட்டோம். பதினொரு நிமிடம். கேரியர் காலியானது. கழுவ இடம் இல்லாததால் அப்படியே அடுக்கி, துண்டைச் சுற்றி, மறுபடியும் கயிறு போட்டுக் கட்டினேன். அதன் பிறகு நகரத்தைச் சுற்றிக் காட்டும் பேருந்து. அதில் ஏறிவிட்டால் மிச்சம் நான்கு இடத்தையும் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம் என்பதுதான் காலையிலிருந்து நர்ஸம்மா பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததற்குக் காரணம்.

இரண்டு ஐந்துக்கு நிறுத்தத்துக்கு வந்தோம். எங்களுக்கு முன்னால் ஐம்பது அறுபது பேர் வரிசையில் நின்றார்கள். ஒரு பேருந்து வந்து நிறைந்து போனது. அதன் பிறகு இன்னொன்று வந்து நிறைந்து போனது. நர்ஸம்மா நடைபாதை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முட்டி தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது. மூன்றாவது பேருந்து இரண்டு முப்பத்தொன்றுக்கு வந்தது. வரிசை இருந்தது வாசல் பக்கம். கண்டக்டர் சாலைப் பக்கமாகச் சுற்றிப் போய், பாதி திறந்திருந்த ஜன்னல் வழியாக என் பையை உள்ளே போட்டார். முன்னாலிருந்து மூன்றாவது இருக்கையில் பை நிமிர்ந்து உட்கார்ந்தது. அதன் பிறகு வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி "ரைட்" என்று சத்தம் போட்டுவிட்டு, வண்டியின் பின்பக்கமாக ஓடினார்.

இந்த இடத்தில் அதிகாரி நிறுத்தி நிறைய கேட்டார். பதிலை வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பேருந்தில் இடம் பிடிப்பது இப்படித்தான். வண்டி வந்து நிற்கும்போதே ஜன்னல் வழியாகப் பையோ துண்டோ கைக்குட்டையோ போட்டுவிட்டால் அந்த இருக்கை போட்டவருடையது. பிறகு அவர் நிதானமாக வாசல் வழியாக ஏறிவந்து உட்காரலாம். அதுவரை அந்தப் பையை யாரும் தொட மாட்டார்கள். சண்டை வரும், வாய்க்கு வந்தபடி பேசுவார்கள், ஆனாலும் பை போட்ட இடத்தில் உட்கார மாட்டார்கள். ஆளே இல்லாத பைக்கு முன்பின் தெரியாதவர்கள் ஏன் மரியாதை கொடுக்க வேண்டும் என்று அதிகாரி மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: அது பை இல்லை, இடம்.

வண்டியைத் தட்டியது யாருக்கும் சைகை காட்ட அல்ல. பதினோரு வருடம் தட்டிய கை. அவர் நிற்கிற லாரியைப் பார்த்தாலும் தட்டுவார். விடுதியில் குளிர்சாதனப் பெட்டியைச் சாத்திவிட்டு அதையும் இரண்டு தட்டுத் தட்டுவார். சமையல்காரரைக் கேட்டுப் பார்க்கலாம். "ரைட்" என்றால் வண்டி போகலாம் என்று அர்த்தம். வேறு குழு, வேறு ஆள் யாரும் இல்லை.

அவர் தப்பி ஓடவில்லை. ஜன்னல் ஒரு பக்கம், வாசல் மறுபக்கம். சுற்றித்தான் வர வேண்டும். ஓடியவர் எங்கே போனார் என்று பாருங்கள்: வரிசையில் எங்களுடன்தான் வந்து நின்றார். வெடி வைத்துவிட்டு அதே வண்டிக்கு வரிசையில் நிற்கிறவன் உண்டா?

அதன் பிறகு உள்ளே இருந்த ஒரு அம்மாள் அலறினார். ஓட்டுநர் ஏதோ அறிவித்தார். எல்லாரும் முண்டியடித்து இறங்கினார்கள். வயதான ஒருவர் படியில் சறுக்கி உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் நர்ஸம்மா தன் முட்டியை மறந்து எழுந்து ஓடிப்போய் அவர் கையைக் கழுவிக் கட்டுப் போட்டார். அந்தப் பெரியவரிடம் நான் நேரில் மன்னிப்புக் கேட்க விரும்புகிறேன். இரண்டு முப்பத்தெட்டுக்குத் தெருவை அடைத்தார்கள். சக்கரம் வைத்த இயந்திரம் ஒன்று வந்து பையை இழுத்துப் போட்டு, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது. கேரியர் நசுங்கிவிட்டது. சாமி படம் நனைந்துவிட்டது.

நான்கரைக்கு நான் இந்தக் காவல் நிலையத்தில் எழுந்து நின்று, பை என்னுடையது என்று சொன்னேன். இதுதான் நடந்தது.

இவ்வளவும் எழுதி முடித்தபோது மணி ஆறு நாற்பது. மொழிபெயர்ப்பாளர் இதை அதிகாரிக்கு அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார், பானை வந்த இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தார். கடைசியில் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, பை யாரோடதா இருந்தாலும் போட்டவர் அவர்தான்னு சொல்றார். யாரும் சொல்லாம நானாத்தான் போட்டேன்னு அவரே எழுதிக் கொடுத்திருக்கார். பை என்னோடதுன்னு பொய்யும் சொல்லியிருக்கார். அதனால வழக்கு அவர் மேலதான்."

"அதான் என்னுதுன்னு சொல்லிட்டேனே."

"இன்னொண்ணும் கேக்கறார். சாப்பிட்டது பதினொரு நிமிஷம்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு முப்பத்தெட்டுலேருந்து நாலரை வரைக்கும் ஒண்ணுமே எழுதலையே. அப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

நான் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். நடைகூடத்தில் இயந்திரம் இருக்கிறது என்று காட்டினார்கள். போகும் வழியில் இரண்டாம் எண் அறைக் கதவு திறந்திருந்தது. கண்டக்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். காவலுக்கு இருந்தவர் தடுக்கவில்லை.

"என்னக்கா நீங்க? சும்மா இருக்க வேண்டியதுதானே. நான்தான் ஒத்துக்கிட்டேன்ல?"

"என்னத்த ஒத்துக்கிட்டீங்க? உள்ள என்ன இருக்குன்னு கேட்டதுக்குத் துணிமணின்னு சொன்னீங்களாமே. காலையிலேருந்து தூக்கிட்டு நடந்தீங்க, கேரியர் சத்தம்கூடவா கேக்கல?"

"பதட்டத்துல வந்துருச்சுக்கா."

"பொய் சொல்றதுன்னா ஒழுங்காச் சொல்லணும். இல்லன்னா பேசாம இருக்கணும்."

"விடுங்கக்கா. நான் பாத்துக்கறேன். உங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம்."

அவர் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்தேன். நான் வேறு தாள் கேட்டபோது மொழிபெயர்ப்பாளர் பெண் குரலைத் தாழ்த்தி, "அம்மா, எழுதறதுக்கு முன்னாடி யோசிச்சுக்குங்க. அவருக்கு உள்ள விதிதான் உங்களுக்கும்" என்றார். சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். நல்ல மனதுடன்தான் சொன்னார். தாளை வாங்கிக்கொண்டேன். விட்டுப்போனது பின்வருமாறு.

இரண்டு முப்பத்தொன்றுக்கு மூன்றாவது பேருந்து வந்தபோது கண்டக்டர் தானாக எங்கேயும் போகவில்லை. பையை வைத்துக்கொண்டு என் பக்கத்தில்தான் நின்றார். நர்ஸம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகினார். அட்டவணை தாளைப் பார்த்து, "இருபத்தாறு நிமிஷம் லேட்டு" என்றார். மாப்பிள்ளை போனில் சிரித்தார். எனக்கு அடக்க முடியவில்லை.

"தம்பி, மரம் மாதிரி பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே. அந்தப் பையைப் போட்டு அவங்களுக்கு ஒரு இடம் புடிங்க" என்றேன்.

அவர் தயங்கினார். "அக்கா, இங்க அதெல்லாம் போடலாமா? யாரும் போடறாப்ல தெரியலையே" என்றார்.

"பஸ்ஸுன்னா எங்கயும் பஸ்ஸுதான். போடுங்க" என்றேன்.

போட்டார். போட்டது அவர் கை. மற்றதெல்லாம் நான்.

அதன் பிறகு இரண்டு நாற்பதுக்கு உங்கள் ஆட்கள் வரிசைக்கு வந்து, பை யாருடையது என்று கேட்டார்கள். அந்த வாக்கியம் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே எனக்குப் புரிந்தது. வகுப்பில் இரண்டாவது வாரமே படித்தோம். கண்டக்டர் என்னை ஒரு முறை பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். நோட்டில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் குனிந்தே இருந்தேன். "என்னுது" என்றார் அவர். தமிழில் சொல்லிவிட்டு, பிறகு அவர்கள் மொழியிலும் சொன்னார். எனக்கும் அவருக்கும் நடுவில் நான்கு அடி இருக்கும்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று அதிகாரி அறிய விரும்பினால், காரணமும் நான்தான். இந்தப் படிப்புக்கு இடம் கிடைத்தபோது என் கணவர் தடுக்கவில்லை. "போயிட்டு வா. ஆனா ஒரு புகார்னு என் காதுக்கு வந்துச்சுன்னா, பரீட்சையாவது ஒண்ணாவது, மறு விமானத்துல வந்துரணும்" என்றார். இதை நான் விடுதியில் சாப்பிடும்போது நான்கு பேர் முன்னால் சொல்லிப் புலம்பினேன், ஒரு முறை அல்ல, பல முறை. எட்டாவதுடன் நிறுத்தப்பட்டதிலிருந்து என் பெயர் போட்ட ஒரு சான்றிதழுக்காக முப்பத்தாறு வருடம் காத்திருக்கிறேன் என்பதையும் சொல்லியிருக்கிறேன். கண்டக்டர் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

அதன் பிறகு அவரை உங்கள் வண்டியில் ஏற்றினார்கள். நாங்கள் நால்வரும் நடந்து மூன்று பதினைந்துக்கு இங்கே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். பை என்னுடையது என்பது மற்ற மூவருக்கும் தெரியும். ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அட்டவணை தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். நான் கண்ணை மூடி வழக்கமாகச் சொல்லும் துதியைச் சொல்லப் பார்த்தேன். முப்பது வருடமாகத் தினமும் சொல்வது. இரண்டாவது வரி வரவில்லை. மூன்று முறை முதலிலிருந்து ஆரம்பித்தேன். வரவில்லை.

நான்கு இருபத்தைந்துக்கு, மாப்பிள்ளையிடம் இருந்த கண்டக்டரின் போன் அடித்தது. படம் எடுப்பதற்காக அதை அவரிடம் கொடுத்து வைத்திருந்தார் கண்டக்டர். ஊரிலிருந்து அவர் மனைவி. அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. மூன்றாவது முறை மாப்பிள்ளை எடுத்தார்.

"அண்ணி, நல்லா இருக்கோம் அண்ணி. அண்ணன் பஸ்ல முன்னாடி உக்காந்திருக்காரு. ஒரே இரைச்சல், அவருக்குக் கேக்காது. ம். ம். பாப்பா பேசுதா? சொல்லச் சொல்லுங்க, கேக்குறேன்."

காலையிலிருந்து நாள் முழுவதும் போனும் கையுமாக இருந்த அந்தப் பிள்ளையை நான் எத்தனை முறை மனதில் திட்டினேன் என்று நோட்டில் எழுதவில்லை. போனை வைத்துவிட்டு அவர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என் ஒரு பைக்காக இன்றைக்கு இரண்டு பேர் பொய் சொல்லியாகிவிட்டது. மூன்றாவதாக நானும், வாயைத் திறக்காமலே. அதன் பிறகுதான் எழுந்தேன். எழுந்தபோது மணி நான்கரை. இடையில் போனது ஒரு மணி ஐம்பது நிமிடம். அதில் நான் செய்தது ஒன்றும் இல்லை என்பதால் எழுதாமல் விட்டேன் என்று சொல்லலாம். அதற்காக விடவில்லை.

கண்டக்டர் மேல் தவறு உண்டு. உள்ளே துணிமணி என்று சொன்னது தவறு. கேட்காத பொறுப்பைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டது தவறு. சொன்னால் கேட்கிற ஆளும் இல்லை. ஆனால் இந்த நாட்டில் இதெல்லாம் போடலாமா என்று எங்கள் ஐந்து பேரில் யோசித்தவர் அவர் ஒருவர்தான். அதை அடக்கியது என் வாய். என் அனுமதி பற்றி என்ன முடிவு எடுத்தாலும் அதை நேரடியாக எனக்கே தெரிவிக்கவும். என் கணவருக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மேலே உள்ளது முழுவதும் என் கையெழுத்து. இரண்டாவது முறையும் வாசித்துக் காட்டினார்கள், கேட்டேன். யாரும் பயமுறுத்தி எழுதவில்லை. பயத்தில் எழுதாமல் விட்டதைத்தான் ஏழு பத்துக்குச் சேர்த்திருக்கிறேன். பை என்னுடையது. போடச் சொன்னது நான். அவர் இன்று இரவு விடுதியில் படிக்க வேண்டும், அவருக்குத் தேய்மானப் பாடம் இன்னும் சரியாக வரவில்லை. அவரை அனுப்பிவிடவும்.

(ஒப்பம்)
மாலை ஏழு ஐம்பத்திரண்டு